மூடினால் உறங்கும், திறந்தால் விழிக்காது: லினக்ஸ் மடிக்கணினியின் உறக்கக் கோளாறுகளுக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் மடிக்கணினியின் உறக்க நிலை ஒரு சொகுசு அல்ல. 2007இல் தொடங்கிய லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2023இல் உச்சத்தைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு, இரண்டரை மணி நேரம் கரன்ட் இருக்காது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நிலைமை பெரிதும் தேறிவிட்டது. ஆனாலும் சப்ஸ்டேஷன் பழுது, கேபிள் திருட்டு என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெளிச்சம் போகும் மாலைகள் இன்னும் உண்டு. அப்போது மூடியை மூடிவைத்து, கரன்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை, மின்விசிறி மட்டும் சுழல்கிறது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால் சேமிக்காத வேலை போயிற்று. பல தடவை அப்படி அணைத்தால் ஃபைல் சிஸ்டமும் கெடும்.

இந்தக் கோளாறைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆனால் எங்கோ கண்ட ஐந்தாறு கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அமைப்புகளை ஒரே மூச்சில் சேர்ப்பது அதற்கு வழியல்ல. எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதுவரை எதையும் மாற்றாதீர்கள். மாற்றும்போதும் ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று.

இந்நாட்டுக்காரரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கி 2004இல் வெளிவந்த உபுண்டுவையும், அதன் வழிவந்த மின்ட்டையும், டெபியனையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சாய்கோடு, கீழ்க்கோடு, புள்ளி எல்லாம் இங்கே இருக்கிறபடியே வரும். ‘மெம்’ என்பது மெமரியின் முதல் மூன்றெழுத்து, ‘சிஸ்’ என்பது சிஸ்டத்தின் முதல் மூன்றெழுத்து.

முதலில்: உண்மையிலேயே விழுந்துவிட்டதா?

கறுப்புத் திரை என்பது ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குப் பின்னால் நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம்.

மூடியைத் திறந்து பத்து விநாடி பொறுத்து கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும் எழவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறதா பாருங்கள். அது வந்து, டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை என்றால் பிழை கிராபிக்ஸ் அடுக்கில் அல்லது திரைப்பூட்டில். எழுத்துத் திரையும் வரவில்லை, ஆனால் விளக்கு மாறுகிறது என்றால் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். முன்கூட்டியே எஸ்எஸ்எச் சர்வரை (வேறொரு சாதனத்திலிருந்து உள்நுழைய உதவும் நிரல்) நிறுவி வைத்திருந்தால் கைப்பேசியிலிருந்து உள்ளே நுழைந்து, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் பிழைச் செய்தியை அப்போதே படித்துவிடலாம். இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

விளக்கு மாறவே இல்லை, மின்விசிறி மட்டும் ஓடுகிறது என்றால் கெர்னலோ ஃபர்ம்வேரோ (தாய்ப்பலகையில் பதிந்த மென்பொருள்) தொங்கிவிட்டது. கீழே வரும் படிநிலைச் சோதனை இந்த வகைக்குத்தான்.

மூன்றாவது வகை: திறந்தால் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றிப் புதிதாக பூட் ஆகிறது. இது பெரும்பாலும் பேட்டரி தீர்ந்தது, வெப்பத்தில் அணைந்தது, அல்லது ஃபர்ம்வேர் ரீசெட் செய்தது. நான்காவது: மூடி மூடியும் உறங்கவே இல்லை. பையிலிருந்து எடுக்கும்போது சுடுகிறது. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாதைகள்.

அணைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பவர் பொத்தானுக்கு முன் இதைச் செய்யுங்கள். ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூ பொத்தானையும் (பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானிலேயே இருக்கும்) பிடித்துக்கொண்டு எஸ், யு, பி மூன்றையும் இரண்டு விநாடி இடைவெளியில் அழுத்துங்கள். எஸ் எழுதாமல் நிற்பதை வட்டில் எழுதும், யு வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி மறுபடி பூட் செய்யும். உபுண்டுவில் இந்த அமைப்பின் மதிப்பு 176. அதாவது 16, 32, 128 மூன்றும் சேர்ந்தது. இந்த மூன்று செயல்களுக்கும் அதில் அனுமதி உண்டு.

எந்த உறக்கம்?

டெர்மினலில் கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் என்று தட்டுங்கள். எஸ்2ஐடில், டீப் என்ற சொற்கள் வரும். சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போது நடப்பில் உள்ளது.

டீப் என்பது எஸ்3. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கிடைக்கும். பிராசசர் தன் நிலையை இழந்துவிடும். எழும்போது முதலில் ஓடுவது பயாஸ் எனும் ஃபர்ம்வேர், பிறகே கெர்னல். எஸ்2ஐடிலில் பயாஸுக்கு அந்த வேலை இல்லை. கெர்னல் எல்லா சாதனங்களையும் தூங்கவைத்துவிட்டு பிராசசரை ஆழ்ந்த சும்மா நிலையில் நிறுத்தும். இந்த வேறுபாட்டைக் கொண்டே பாதி நோயறிதல் முடிந்துவிடும். எஸ்2ஐடிலில் சரியாக எழுந்து டீப்பில் மட்டும் தொங்கினால் பயாஸைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் தொங்கினால் ஏதோ ஒரு டிரைவர்.

2020க்குப் பிறகு வந்த பல மடிக்கணினிகளில் எஸ்3 இல்லவே இல்லை. டிஎம்இஎஸ்ஜி வெளியீட்டில் ‘சப்போர்ட்ஸ்’ என்று தேடினால் எஸ்0, எஸ்3, எஸ்4, எஸ்5 என்ற பட்டியல் வரும். அதில் எஸ்3 இல்லையென்றால் கெர்னல் அமைப்பால் அதை வரவழைக்க முடியாது. சில திங்க்பேட்களில் பயாஸின் கன்ஃபிக், பவர் பகுதியில் ஸ்லீப் ஸ்டேட் என்ற தேர்வு இருக்கும். அதை லினக்ஸ் என்று வைத்தால் எஸ்3 திரும்பக் கிடைக்கும். டெல் லாட்டிட்யூட்களில் பிளாக் ஸ்லீப் என்ற தேர்வு இயக்கப்பட்டிருந்தால் எஸ்3 தடுக்கப்படும். அலுவலகங்கள் கழித்துவிட்டு விற்கும் பழைய இயந்திரங்களை வாங்கியவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். முன்பு நிர்வகித்தவர் வைத்த அமைப்பு அப்படியே கிடக்கும்.

இரண்டும் பட்டியலில் இருந்தால் மாற்றிப் பாருங்கள். சூடோ -ஐ என்று தட்டி ரூட் (முழு அனுமதியுள்ள பயனர்) ஆகிக்கொண்டு, எக்கோ டீப் > /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப். (வெறும் சூடோ எக்கோ என்று தட்டினால் அனுமதி மறுக்கப்படும். அம்புக்குறிக்குப் பின் உள்ள கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, உங்கள் சாதாரண ஷெல். பலர் இங்கேயே தடுக்கி நிற்கிறார்கள்.) இந்த மாற்றம் மறுபூட் வரைதான். பலித்தால் மட்டும் நிலைப்படுத்துங்கள்: மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=டீப் என்பதை கெர்னல் வரியில் சேர்க்க வேண்டும்.

கெர்னல் வரியில் எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். இயந்திரம் எழும்போது எஸ்கேப் பொத்தானை (பழைய பயாஸ் முறையில் ஷிஃப்ட்டை) அழுத்தினால் கிரப்பின் (கெர்னலை ஏற்றும் நிரல்) பட்டியல் வரும். இ பொத்தானை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டுத் தட்டி, எஃப்10 அழுத்துங்கள். தவறாகப் போனாலும் அடுத்த பூட்டில் பழையபடி இருக்கும். நிரந்தரமாக்க, /இடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் லினக்ஸ்_டீஃபால்ட் என்று முடியும் பெயர் கொண்ட வரியின் மேற்கோளுக்குள் சேர்த்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுக்க வேண்டும்.

பதிவேட்டைப் படிப்பது

தொங்கி மறுபூட் செய்த உடனே: ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே. முந்தைய பூட்டின் கெர்னல் செய்திகள் வரும். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். முந்தைய பூட்டின் பதிவே இல்லை என்று சொன்னால் /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவை உருவாக்கி மறுபூட் செய்யுங்கள். அதன்பின் பதிவுகள் தங்கும்.

சஸ்பெண்ட் என்ட்ரி என்ற வரியோடு பதிவு முடிந்திருந்தால், உறங்கப் போகும்போதே விழுந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அந்த வரிக்குப் பிறகு பயன்பாடுகள் எல்லாம் உறைந்துவிடும். பதிவை வட்டில் எழுதும் ஜர்னல்டியும் அவற்றில் ஒன்று. உறங்கி, எழுந்து, எழும் வழியில் விழுந்திருந்தாலும் வட்டில் அதே வரிதான் கடைசியாக இருக்கும்.

ஒப்பேறாமல் திரும்பிவந்த உறக்க முயற்சிகளுக்கு /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவைப் பாருங்கள். லாஸ்ட்_ஃபெயில்ட்_டெவ் கடைசியாக மறுத்த சாதனத்தின் பெயரையும், லாஸ்ட்_ஃபெயில்ட்_ஸ்டெப் எந்தக் கட்டம் என்பதையும் சொல்லும். பல நேரம் விடை இங்கேயே கிடைத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் செலவில்லாத இன்னொரு சோதனையும் உண்டு. கிரப் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய கெர்னலில் பூட் செய்யுங்கள். அதில் சரியாக எழுந்தால் புதிய கெர்னலில் புகுந்த பிழை அது. அடுத்த புதுப்பிப்பு வரும்வரை பழையதிலேயே இருக்கலாம். யுநேம் -ஆர் கட்டளை இரண்டின் எண்களையும் தரும். குறித்து வையுங்கள்.

படிநிலைச் சோதனை

கணினி ஒரே தாவலில் உறங்குவதில்லை. முதலில் பயன்பாடுகள் உறைகின்றன. அடுத்து ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தை நிறுத்துகிறது. பிறகு ஏசிபிஐ (மின்மேலாண்மைக்குக் கெர்னலும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக ஃபர்ம்வேருக்குத் தகவல் போகிறது. பின் முதல் கோர் தவிர மற்றவை அணைகின்றன. கடைசியாகக் கெர்னலின் அடித்தளப் பகுதிகள். எழும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். ஒவ்வொரு கட்டம் வரை மட்டும் போய், ஐந்து விநாடி நின்று, திரும்பிவரும் வசதி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

எல்லாக் கோப்புகளையும் சேமித்து, செருகிய யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றிவிட்டு, ரூட்டாகி:

1. எக்கோ ஃப்ரீசர் > /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்
2. எக்கோ மெம் > /சிஸ்/பவர்/ஸ்டேட்
3. ஐந்து விநாடி கழித்துத் திரும்பியதா என்று பாருங்கள். டிஎம்இஎஸ்ஜி கடைசி முப்பது வரிகளையும் படியுங்கள்.
4. ஃப்ரீசர் என்ற இடத்தில் டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என்று ஒவ்வொன்றாக வைத்துத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் குறைந்தது மூன்று தடவை.
5. முடிந்ததும் ‘நன்’ (‘எதுவுமில்லை’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்) என்று எழுதிப் பழையபடி ஆக்குங்கள். மறந்தால் அடுத்த தடவை மூடியை மூடும்போது உறங்காமல் திரும்பும்.

எஸ்2ஐடில் இயந்திரங்களில் முதல் மூன்று கட்டங்கள்தான் செல்லும். மற்ற இரண்டையும் கெர்னல் ஏற்காது.

ஃப்ரீசரிலேயே நின்றால் 20 விநாடி கழித்து, உறைய மறுத்த பணிகளின் பெயரோடு செய்தி வரும். இங்கே மிக அடிக்கடி சிக்குவது நெட்வொர்க் பகிர்வுகள். கரன்ட் போனதும் ரவுட்டரும் வீட்டு சேமிப்புப் பெட்டியும் அணைந்துவிடும். அவற்றிலிருந்து மவுண்ட் செய்த (இணைத்த) என்எஃப்எஸ் அல்லது எஸ்எஸ்எச்எஃப்எஸ் அடைவில் ஏதாவது ஒரு நிரல் பதிலுக்குக் காத்திருக்கும். அது உறையாது, கணினியும் உறங்காது. நீங்களோ மூடிவிட்டோம் என்று நம்பிப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். மாற்றுவழி: இந்தப் பகிர்வுகளை /இடிசி/எஃப்எஸ்டேபில் நிரந்தரமாக மவுண்ட் செய்யாமல் சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளை நடத்தும் நிரல்) ஆட்டோமவுண்ட்டில், சும்மா இருந்தால் கழன்றுவிடும் கால வரம்போடு வையுங்கள். அல்லது ரவுட்டரை ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

டிவைசஸில் நின்றால் டிரைவர். எல்எஸ்மாட் தரும் பட்டியலிலிருந்து வைஃபை, புளூடூத், கேமரா, கார்டு ரீடர், ஒலி என்ற வரிசையில் ஒவ்வொரு மாட்யூலாக (ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டு) மாட்ப்ரோப் -ஆர் மூலம் இறக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். எதை இறக்கியதும் சரியாகிறதோ அதுவே காரணம். விர்ச்சுவல்பாக்ஸ் போல கெர்னலுக்கு வெளியிலிருந்து வந்த மாட்யூல்கள் இருந்தால் அவற்றை முதலில் இறக்குங்கள்.

பிளாட்ஃபார்மில் நின்றால் ஏசிபிஐ, அதாவது பயாஸ். கோர் வரை எல்லாம் தேறி, நிஜ உறக்கத்தில் மட்டும் தொங்கினால் பயாஸ் எழுப்பும் பாதையிலோ, மின்சாரம் முற்றிலும் போய்த் திரும்பும் சாதனத்திலோ கோளாறு. சோதனையில் சாதனங்களுக்கு மின்சாரம் உண்மையில் போவதில்லை என்பதால் அது அங்கே வெளிப்படாது.

இந்தக் கடைசி வகைக்கு பிஎம்_டிரேஸ் உண்டு. எக்கோ 1 > /சிஸ்/பவர்/பிஎம்_டிரேஸ் கொடுத்து உறங்கவையுங்கள். எழும்போது கெர்னல் ஒவ்வொரு அடியிலும் தான் நிற்கும் இடத்தைக் கடிகாரச் சிப்பில் தேதியாக எழுதிக்கொண்டே போகும். மின்சாரம் போனாலும் தங்கக்கூடிய இடம் அது ஒன்றே. தொங்கியதும் அணைத்து, மூன்று நிமிடத்துக்குள் மறுபூட் செய்துவிட வேண்டும். தாமதித்தால் கடிகாரம் நகர்ந்து தடயம் அழியும். பிறகு டிஎம்இஎஸ்ஜியில் ஹாஷ் மேட்சஸ் என்று தேடுங்கள். கெர்னல் கோப்பின் வரியும் பெரும்பாலும் சாதனத்தின் எண்ணும் வரும். அந்த எண்ணை எல்எஸ்பிசிஐ பட்டியலோடு ஒப்பிட்டால் பெயர் தெரிந்துவிடும். சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட சாதனங்கள் பொருந்தும், எனவே இரண்டு மூன்று தடவை செய்து பொதுவாக வருவதை எடுங்கள். தேதி தாறுமாறாகியிருக்கும். இணையத்தில் இணைந்ததும் தானே சரியாகும்.

எப்போதாவது ஒரு தடவை மட்டும் விழும் இயந்திரமா? ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 30 என்ற கட்டளை உறங்கவைத்து முப்பது விநாடியில் எழுப்பும். இதை ஷெல் சுழலில், நடுவில் 15 விநாடி இடைவெளி விட்டு, ஐம்பது தடவை ஓடவிடுங்கள். ஒரு மாற்றம் பலித்ததா என்று சொல்ல ஒரு தடவை எழுந்தது போதாது.

அடிக்கடி சிக்குபவை

கிராபிக்ஸ்தான் முதல் சந்தேகம். என்விடியாவின் சொந்த டிரைவரில், உறங்கும்போது வீடியோ நினைவகம் முழுவதும் காப்பாற்றப்படுவதில்லை. எழுந்ததும் கறுப்புத் திரை, சிதைந்த எழுத்து, உறைந்த டெஸ்க்டாப் என்று வரும். /இடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, ஆப்ஷன்ஸ் என்விடியா என்று தொடங்கும் வரியில் என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ்=1 என்று தாருங்கள். இந்தப் பெயரில் முதல் இரண்டு எழுத்தும் ப்ரிசர்வ், வீடியோ, மெமரி, அலொகேஷன்ஸ் ஒவ்வொன்றின் முதலெழுத்தும் பெரியவை, ரெக்கின் ஆர் மட்டும் சிறியது. என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெஸ்யூம், என்விடியா-ஹைபர்னேட் என்ற மூன்று சர்வீஸ்களையும் சிஸ்டம்சிடிஎல் இனேபிள் செய்யுங்கள். கடைசியாக சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. நினைவகம் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதப்படுவதால், அந்த இடத்தில் கார்டின் நினைவக அளவோடு சுமார் 5 விழுக்காடு கூடுதல் இடம் வேண்டும். தற்காலிக அடைவு ராமிலேயே இருந்தால் பாதையை /வார்/டிஎம்பி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்டெல் கிராபிக்ஸில் எழுந்ததும் திரை கறுப்பாகவோ துடித்தோ இருந்தால் ஐ915.இனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்று ஒரு பூட்டுக்கு வைத்துப் பாருங்கள். ஏஎம்டியில் அதற்கு இணை ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0எக்ஸ்10. இரண்டும் திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் மின்சேமிப்பை நிறுத்துபவை. பேட்டரி சற்றுக் குறைவாக நிற்கும், அவ்வளவுதான்.

2024இல் வந்த சிஸ்டம்டி 256இலிருந்து, உறங்கும் முன் பயனர் அமர்வு முழுவதும் சேர்த்து உறையவைக்கப்படுகிறது. சில என்விடியா இயந்திரங்களில் இதனால் திரை திரும்பவில்லை. டிஸ்ட்ரோவை (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) புதுப்பித்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால் சிஸ்டம்டியின் பதிப்பு எண்ணையும் பாருங்கள்.

என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) வட்டு எழாமல் போனால் அறிகுறி வேறாக இருக்கும். திரை வரும், மவுஸ் நகரும், ஆனால் எதையும் திறக்க முடியாது. பிறகு ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று மாறிவிட்டதாகச் செய்தி வரும். பதிவேட்டில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் எழுத வட்டே இல்லை. கைப்பேசியில் திரையைப் படம் எடுத்துக்கொள்வதே சான்று. முதலில் வட்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அடுத்து என்விஎம்இ.நோஏசிபிஐ=1. அதற்கும் மசியாவிட்டால் என்விஎம்இ_கோர்.டீஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0. இது வட்டின் மின்சேமிப்பை முழுவதும் நிறுத்துவதால் கடைசித் தேர்வாகவே இருக்கட்டும்.

வைஃபை மட்டும் எழவில்லை என்றால் அதன் மாட்யூலை உறங்கும் முன் இறக்கி, எழுந்ததும் ஏற்றினால் போதும். /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, இயக்க அனுமதி கொடுங்கள். சிஸ்டம்டி அதற்கு முதல் சொல்லாக ப்ரீ அல்லது போஸ்ட் என்று தரும். ப்ரீ வந்தால் மாட்ப்ரோப் -ஆர், போஸ்ட் வந்தால் மாட்ப்ரோப். டச்பேடுக்கும் இதே வழி. ஐ2சி_ஹிட்_ஏசிபிஐ அல்லது பிஎஸ்மவுஸ் என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும்.

தானே எழுவதும் பையில் சூடாவதும்

எஸ்2ஐடிலில் சார்ஜர் இணைவதும் பிரிவதும்கூட எழுப்பும் நிகழ்வாகலாம். நள்ளிரவில் கரன்ட் போய் வரும்போது மூடிய கணினி எழுந்து, விடியும்வரை விழித்திருந்து, பேட்டரியைத் தின்றுவிடும். இந்நாட்டின் பருத்த மூன்று உருளைப் பின் சாக்கெட்டில், வெளிநாட்டு பிளக்கை அடாப்டர் வைத்துச் செருகியிருந்தால் இன்னும் மோசம். தளர்ந்த தொடர்பு நாள் முழுவதும் அதே நிகழ்வைக் கிளப்பிக்கொண்டிருக்கும். மென்பொருளைத் தொடும் முன் அடாப்டரை மாற்றுங்கள்.

எது எழுப்பக்கூடும் என்று பார்க்க, கேட் /புராக்/ஏசிபிஐ/வேக்கப். இனேபிள்ட் என்றிருப்பவை எழுப்பும் உரிமை பெற்றவை. எக்ஸ்எச்சி என்பது யுஎஸ்பி, எல்ஐடி என்று தொடங்குவது மூடி. ரூட்டாக எக்கோ எக்ஸ்எச்சி > /புராக்/ஏசிபிஐ/வேக்கப் கொடுத்தால் அந்த உரிமை நிற்கும், மறுபடி கொடுத்தால் திரும்பும். பெயர்களைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். மூடியையும் பவர் பொத்தானையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். மறுபூட்டில் இது அழிந்துவிடும். பலித்தால் மேலே சொன்ன சிஸ்டம்-ஸ்லீப் ஸ்கிரிப்ட்டிலேயே சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் மாறி மாறிப் போகாமல் தற்போதைய நிலையைப் பார்த்துவிட்டு எழுதும்படி அமையுங்கள்.

எஸ்2ஐடில் உண்மையில் ஆழ உறங்குகிறதா என்பதற்கு, 6.4 முதலான கெர்னல்களில் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவின் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் இருக்கிறது. மைக்ரோவிநாடியில் வரும். பத்து நிமிடம் உறங்கவைத்தால் 60 கோடிக்கு அருகில் இருக்க வேண்டும். பூஜ்யம் வந்தால் ஏதோ ஒரு சாதனம் உறங்கவிடவில்லை. அந்த நிலையில் டர்பன் கோடையில் கார் டிக்கியில் வைத்த கணினி வெப்ப எல்லையைத் தாண்டி அணைந்துபோகும். பார்ப்பவருக்கு அது கிராஷ் போலத் தெரியும்.

பயாஸ், ராம், பேட்டரி

எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ் கொடுத்துப் பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா பாருங்கள். உறக்கக் கோளாறுகளில் கணிசமானவை இதிலேயே தீரும். ஆனால் உங்கள் பகுதியின் மின்வெட்டு அட்டவணையைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். பயாஸ் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பலகையே போய்விடலாம்.

எஸ்3இல் ராம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு நிற்க வேண்டும். பலவீனமான ராம், சாதாரண வேலையில் தாக்குப்பிடித்தாலும் எழும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழவைக்கும். பதிவேட்டில் பிழைக்கு ஓர் ஒழுங்கே தெரியவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு யுஎஸ்பியில் போட்டு இரவு முழுவதும் ஓடவிடுங்கள். 6ஆம் பதிப்பிலிருந்து அது யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பின்வந்த முறை) இயந்திரங்களிலும் ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் துண்டு வேண்டாம். பேட்டரிக்கு யுபவர் -டி போதும். வடிவமைப்பு அளவில் பாதிகூடத் தாங்கவில்லை என்றால், எழும் நொடியில் தேவைப்படும் மின்னோட்டத்தைத் தரமுடியாமல் ரீசெட் ஆகும். சார்ஜரோடு எழுந்து, சார்ஜர் இல்லாமல் விழுந்தால் இதுதான்.

உறக்கம் எதற்கும் மசியாவிட்டால் ஹைபர்னேட் (ராமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைவது) இருக்கிறது. ராம் அளவுக்குக் குறையாத ஸ்வாப் பார்ட்டிஷனும் (ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய பகுதி), கெர்னல் வரியில் ரெஸ்யூம்= என்று அதன் யுயுஐடியும் (அடையாள எண்) வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் உபுண்டுவின் கெர்னல் இதை அனுமதிக்காது.

ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி

இவை இரண்டும் லினக்ஸ் அல்லாத, யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் சிஸ்சிடிஎல் எச்டபிள்யூ.ஏசிபிஐ.சப்போர்டட்_ஸ்லீப்_ஸ்டேட் கொடுத்து எஸ்3 உண்டா என்று பார்த்து, ஏசிபிஐகான்ஃப் -எஸ் 3 மூலம் உறங்கவையுங்கள். டிபக்.ஏசிபிஐ.சஸ்பெண்ட்_பவுன்ஸ்=1 என்று வைத்தால் எல்லா டிரைவரையும் நிறுத்தி, உறங்காமலேயே திரும்ப எழுப்பும். லினக்ஸின் படிநிலைச் சோதனைக்கு நெருக்கமானது இது. திரை எழவில்லை என்றால் டிஆர்எம்-கேமாட் நிறுவி, உங்கள் கார்டுக்குரிய மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓபன்பிஎஸ்டியில் ஏபிஎம்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிறிய எழுத்தில் மூன்று இசட் தட்டினால் உறக்கம், பெரிய எழுத்தில் தட்டினால் ஹைபர்னேட்.

பிழையைத் தெரிவிக்கும்போது

எல்லாம் செய்தும் பிழை கெர்னலில்தான் என்று தெரிந்தால் உபுண்டு-பக் லினக்ஸ் கட்டளை அறிக்கையைத் தொடங்கிவைக்கும். அதில் இவை இருக்கட்டும்: இயந்திரத்தின் முழு மாடல் பெயர், டிஎம்ஐடிகோட் -எஸ் பயாஸ்-வெர்ஷன் தரும் எண், மெம்_ஸ்லீப் வெளியீடு, பிஎம்_டெஸ்ட்டில் எந்தக் கட்டத்தில் எத்தனைக்கு எத்தனை தடவை விழுந்தது, கடைசியாகச் சரியாக எழுந்த கெர்னலின் எண், முதலில் விழுந்த கெர்னலின் எண். கடைசி இரண்டு எண்களும் அருகருகே இருந்தால், அந்த இடைவெளிக்குள் வந்த மாற்றங்களை மட்டும் கெர்னல் ஆட்கள் தேடினால் போதும்.